மத்து உடைக்கிறதா, சேர்க்கிறதா?



சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறேன்.

பரப்பு இழுவிசை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, அதன்மேல் சிறிது கடலை எண்ணெய் விட்டு, மூடிக் குலுக்கிக் காட்டினேன். மேலே ஒரே அடுக்காக நின்ற எண்ணெய் நூற்றுக்கணக்கான துளிகளாக உடைந்தது. இன்னும் வேகமாகக் குலுக்கினேன். துளிகள் மேலும் சிறுத்தன. ‘எவ்வளவு வேகமாகக் கலக்குகிறோமோ அவ்வளவு சிறு துளிகளாக உடையும்’ என்று கரும்பலகையில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், எங்கள் வீட்டில் இரண்டு எருமைகள் இருக்கின்றன. வெண்ணெய் விற்ற காசில்தான் நான் பஸ்ஸுக்கு வருகிறேன். போன சித்திரையில் அம்மாவுக்குக் காய்ச்சல். அன்று நான்தான் தயிர் கடைந்தேன். வேகமாகக் கடைந்தால் சீக்கிரம் திரளும் என்று கை வலிக்கக் கடைந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் வெண்ணெய் திரளவே இல்லை. அம்மா எழுந்து வந்து, ஒரு செம்பு பானைத் தண்ணீரை ஊற்றி மெதுவாகக் கடைந்தாள். கொஞ்ச நேரத்தில் திரண்டுவிட்டது. கலக்கினால் துளி உடையும் என்கிறீர்கள். பிறகு கடைந்தால் வெண்ணெய் எப்படிச் சேருகிறது? சேரத்தான் செய்யும் என்றால் எனக்கு மட்டும் ஏன் சேரவில்லை?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. விடை என்னிடம் இல்லை. ‘நாளை சொல்கிறேன்’ என்றேன். அந்த நாளை வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் நான் படித்தும் செய்து பார்த்தும் அறிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

துளி ஏன் உருண்டையாக இருக்கிறது?

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவாத திரவங்கள். நீரின் மூலக்கூறுகள் தங்களுக்குள் வலுவாக ஈர்த்துக்கொள்கின்றன. எண்ணெய் மூலக்கூறுகளை அந்த அளவுக்கு ஈர்ப்பதில்லை. ஆகவே இரண்டும் சந்திக்கும் இடைப்பரப்பு, இழுத்துப் பிடித்த ரப்பர்த் தாளைப்போல எப்போதும் சுருங்கவே முயல்கிறது. இந்தச் சுருங்கும் விசையை இடைப்பரப்பு இழுவிசை என்கிறோம். சமையல் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே இதன் மதிப்பு மீட்டருக்குச் சுமார் 0.025 நியூட்டன் என்று கொள்ளலாம்.

குறிப்பிட்ட கன அளவுள்ள ஒரு பொருளை எந்த உருவத்தில் வைத்தால் மேற்பரப்பு மிகக் குறைவாக இருக்கும்? கோளமாக வைத்தால். துளி உருண்டையாக இருப்பதன் காரணம் இதுதான். இரண்டு துளிகள் ஒன்று சேர்ந்தால் மொத்த மேற்பரப்பு இன்னும் குறையும். எனவே தனியே விட்டால் துளிகள் சேர்வதே இயல்பு. அவற்றை உடைக்க வேண்டுமானால் நாம் வேலை செய்ய வேண்டும்.

எவ்வளவு வேலை? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கன சென்டிமீட்டர் எண்ணெயை ஒரே துளியாக வைத்தால் அதன் விட்டம் சுமார் 1.24 செ.மீ.; மேற்பரப்பு ஏறக்குறைய 4.8 சதுர செ.மீ. அதே எண்ணெயை 0.1 மி.மீ. விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் சுமார் 19 இலட்சம் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர செ.மீ.; அதாவது 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள ஒரு தாளின் பரப்பு. இவ்வளவு புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றல் 0.025 × 0.06 = 0.0015 ஜூல். ஒரு கிராம் எடையை 15 செ.மீ. உயரம் தூக்கினால் செலவாகும் ஆற்றலும் இவ்வளவுதான்!

வியப்பாக இருக்கிறதல்லவா? ஓர் எறும்புக் கூட்டம்கூடச் செய்துவிடக்கூடிய இந்த வேலைக்காக நம் கை ஏன் வலிக்கிறது? நாம் செலவிடும் ஆற்றலில் மிகப் பெரும் பகுதி நீரைச் சுழற்றுவதிலும் உராய்வினால் வெப்பமாக மாறுவதிலும் போய்விடுகிறது. மிகச் சிறு பகுதியே துளியை உடைக்கப் பயன்படுகிறது. ஏனெனில் துளியை உடைக்க மொத்த ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சிறு துளி இருக்கும் இடத்தில், அதன் குறுக்களவுக்குள், போதிய அழுத்த வேறுபாடு உண்டாக வேண்டும்.

சிறு துளியின் பிடிவாதம்

துளியின் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே உள்ளதைவிட அதிகம் என்பதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். இடைப்பரப்பு இழுவிசையை நான்கால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் இந்த மிகை அழுத்தம் கிடைக்கும்.

5 மி.மீ. துளிக்கு இது 20 பாஸ்கல். 0.1 மி.மீ. துளிக்கு 1000 பாஸ்கல். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்கிறோம். ஒரு மைக்ரான் துளிக்கு மிகை அழுத்தம் ஓர் இலட்சம் பாஸ்கல், அதாவது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்! துளி சிறுக்கச் சிறுக்க அதன் பிடிவாதம் வளர்கிறது.

இனிக் குலுக்கும் கையின் வலிமையைப் பார்ப்போம். புட்டியில் நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொண்டால், அந்தப் பாய்ச்சல் தரும் அழுத்தம், அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிய தொகை. அதாவது 500 பாஸ்கல். எந்தத் துளியின் மிகை அழுத்தம் 500 பாஸ்கல்? 0.2 மி.மீ. துளியினுடையது. ஆகவே கையால் குலுக்கும்போது துளிகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உடைந்து, பிறகு பிடிவாதம் பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். இது தோராயக் கணக்கே. ஆனாலும் புட்டியின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கணக்கு மிகவும் பொய்க்கவில்லை என்று தெரியும்.

கொந்தளிக்கும் ஓட்டத்தில் துளிகள் உடைவதற்கான சரியான விதியை ரஷ்ய கணித அறிஞர் கால்மகோரவ் 1949-ஆம் ஆண்டிலும், டச்சு அறிஞர் ஹின்சே 1955-ஆம் ஆண்டிலும் வகுத்துத் தந்தனர். அதன்படி, கலக்கும் திறனைப் பத்து மடங்காக உயர்த்தினாலும் துளியின் விட்டம் ஐந்தில் இரண்டு பங்காகத்தான் குறையும். சிறு துளி வேண்டும் என்பவர் பெருவிலை கொடுக்க வேண்டும்!

பால் பண்ணைகளில் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். பிரான்சு நாட்டைச் சேர்ந்த அகஸ்த் கோலன் 1899-ஆம் ஆண்டில் ஒரு பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று அவ்வகைப் பொறிகள் பாலை 150 முதல் 200 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மெல்லிய இடுக்கின் வழியே பீறிடச் செய்கின்றன. பாலில் சராசரியாக 3, 4 மைக்ரான் அளவில் இருந்த கொழுப்புத் துளிகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே உடைந்துவிடுகின்றன. அதன்பின் ஆடை எளிதில் மேலே ஒதுங்குவதில்லை. துளி மேலே மிதந்து ஏறும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதே காரணம். நம் புட்டியில் 0.2 மி.மீ. எண்ணெய்த் துளி 10 செ.மீ. ஏறுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு மைக்ரான் துளி அதே தூரம் ஏற மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும்!

உடைவது எப்படி?

துளி ஒரே அடியில் கண்ணாடி போலச் சிதறுவதில்லை. ஓட்டம் முதலில் அதை இழுத்து நீட்டுகிறது. துளி முட்டை வடிவமாகி, பிறகு வெள்ளரிப் பிஞ்சு போல நீண்டு, இழையாகிறது. இழை நடுவே ஆங்காங்கு இறுகி அறுகிறது.

இழை ஏன் அறுகிறது? இதை ஆராய்ந்தவர் பெல்ஜியம் நாட்டில் கென்ட் நகரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜோசப் பிளாத்தோ. இவர் ஆலிவ் எண்ணெயை, அதற்குச் சமமான அடர்த்தி உள்ள சாராய நீர்க் கலவைக்குள் விட்டார். எண்ணெய் மேலே மிதக்கவும் இல்லை, கீழே அமிழவும் இல்லை. நடுவில் அழகிய பொற்கோளமாக நின்றது. அதை நீண்ட உருளையாக்கிப் பார்த்தபோது ஒரு விதி புலப்பட்டது. உருளையின் நீளம் அதன் சுற்றளவைவிடக் குறைவாக இருக்கும்வரை அது நிலையாக நிற்கும்; சுற்றளவை மீறினால் இடை சிறுத்து அறுந்து துளிகளாகிவிடும். தனித் துளிகளின் மொத்த மேற்பரப்பு நீண்ட இழையினுடையதைவிடக் குறைவு. ஆகவே எந்த இழுவிசை துளியைச் சேர்த்துப் பிடித்ததோ, அதே இழுவிசைதான் இழையான பின் அதை அறுத்தும் விடுகிறது.

இன்னொரு செய்தியையும் நீங்கள் அறிய வேண்டும். 1843-ஆம் ஆண்டளவில் பிளாத்தோ பார்வையை முற்றிலும் இழந்துவிட்டார். அதன் பிறகும் ஆராய்ச்சியை அவர் நிறுத்தவில்லை. உடனிருந்தவர்கள் சோதனைகளைச் செய்து, கண்டதைச் சொல்ல, அவர் சிந்தித்து எழுதச் செய்தார். திரவங்களின் உருவங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1873-ஆம் ஆண்டில் வெளிவந்தது. துளி உடைவதை உலகுக்கு விளக்கியவர், அதைத் தம் கண்ணால் காண முடியாதவர்.

1934-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கெட்டியான சர்க்கரைப் பாகில் நான்கு உருளைகளைச் சுழலவிட்டு, நடுவில் ஒரு துளியை நிறுத்தி, அது எந்த வேகத்தில் உடைகிறது என்று அளந்தார். சுற்றியுள்ள திரவத்தின் பாகுநிலை, ஓட்டத்தின் இழுப்பு, துளியின் ஆரம் ஆகிய மூன்றும் உடைக்கும் கட்சி. இடைப்பரப்பு இழுவிசை காக்கும் கட்சி. உடைக்கும் கட்சி ஓர் எல்லையைத் தாண்டினால் துளி உடைகிறது.

டெய்லர் இன்னொரு புதுமையையும் கண்டார். இணையாக எதிரெதிர்த் திசையில் நகரும் இரு பட்டைகளுக்கு இடையே, சுற்றியுள்ள திரவத்தைவிட 20 மடங்கு பாகுநிலை உள்ள ஒரு துளியை வைத்தபோது, எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அது உடையவில்லை. ஓட்டம் அதை இழுத்து நீட்டுவதற்குள் துளி உருண்டு திரும்பிவிடுகிறது. இவ்வகை ஓட்டத்தில் சுமார் 4 மடங்குக்கு மேல் போனாலே துளி உடையாது என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் எண்ணூர்க் கடற்கரையில் நமக்கு இது தேவைப்படும்.

சேர்வது எப்படி?

இரண்டு துளிகள் தொட்டவுடன் சேர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு சோதனை செய்து பாருங்கள்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதி நீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு விரற்கடை உயரம் கடலை எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு சொட்டுக்குழாயில் மை கலந்த நீரை எடுத்து, எண்ணெயில் ஒரு சொட்டு விடுங்கள். நீலத் துளி எண்ணெய் வழியே மெல்ல இறங்கும். கீழே இருப்பதும் நீர்தான், துளியும் நீர்தான். ஆனாலும் துளி உடனே கலப்பதில்லை! இடைப்பரப்பின் மேல் குந்தியிருக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். திடீரென்று துளி மறைந்து, கீழே நீல மேகம் விரியும். பத்துச் சொட்டுகள் விட்டு ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரங்கள் ஒன்றுபோல் இரா என்பதையும் காண்பீர்கள்.

துளி எதற்காகக் காத்திருந்தது? துளிக்கும் நீருக்கும் இடையில் எண்ணெய்ப் படலம் ஒன்று அகப்பட்டுக்கொண்டது. துளியின் எடை அதை நெருக்க, எண்ணெய் பக்கவாட்டில் வழிந்து வெளியேற வேண்டும். படலம் மெலிய மெலிய வழி குறுகும், வெளியேற்றமும் தாமதமாகும். படலத்தின் தடிப்பு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகுதான் இருபுறத்து மூலக்கூறுகளின் ஈர்ப்பு வலுப்பெறுகிறது. எங்கேனும் ஒரு துளை விழுகிறது. துளை விழுந்த பிறகு தாமதமே இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆக, உடைவதற்கு வலிமை தேவை. சேர்வதற்கு நேரம் தேவை. துளிகள் சேர வேண்டுமானால், அவை ஒன்றையொன்று நெருங்கியிருக்கும் நேரம், இடைப்பட்ட படலம் வடிவதற்கான நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். மிக வேகமாக மோதும் துளிகள் மோதிய இடத்தில் தட்டையாகி, நடுவில் அகன்ற படலத்தைச் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. அது வடிவதற்குள் ஓட்டம் அவற்றைப் பிரித்துவிடுகிறது. மெல்லச் சந்திப்பவையே பெரும்பாலும் சேர்கின்றன.

சேரும்போதே உடையும் துளியும் உண்டு. பாகுநிலை குறைந்த எண்ணெயில் நீர்த்துளி கீழே வடியும்போது, முழுவதும் வடிவதற்குள் நடுவே அறுந்து, ஒரு குட்டித் துளியை விட்டுச் செல்லும். குட்டியும் காத்திருந்து வடியும்போது அதைவிடச் சிறிய குட்டியை விடும். படிப்படியாக நிகழும் இதை 1960-ஆம் ஆண்டில் சார்லஸ், மேசன் என்னும் இருவர் விரிவாக ஆராய்ந்தனர்.

சோப்பு செய்யும் இரட்டை வேலை

புட்டிக் கலவையில் சில சொட்டு சோப்பு நீர் விட்டுக் குலுக்கினால் கலவை பால்போல் வெளுத்து, நெடுநேரம் அப்படியே நிற்கும். இத்தகைய கலவையைப் பால்மம் என்பார்கள்.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை எண்ணெயை விரும்பும். எனவே அது இடைப்பரப்பில் வரிசையாக வந்து நிற்கிறது. இதனால் இழுவிசை பல மடங்கு குறைகிறது. அதே குலுக்கலில் துளிகள் மேலும் சிறிதாக உடைகின்றன. இது முதல் வேலை.

இரண்டாவது வேலை அதைவிட முக்கியம். இரு துளிகள் நெருங்கும்போது வடிந்தோடும் நீர், பரப்பிலுள்ள சோப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் சோப்பு குறைந்து இழுவிசை கூடுகிறது. ஓரத்தில் சோப்பு மிகுந்து இழுவிசை குறைகிறது. நடுப்பகுதி பரப்பைத் தன் பக்கம் திரும்ப இழுக்க, அதோடு நீரும் திரும்புகிறது. மெலிந்த படலம் தன்னைத் தானே மீண்டும் நிரப்பிக்கொள்கிறது. இழுவிசை வேறுபாட்டால் பரப்பு நகரும் இந்த விளைவுக்கு இத்தாலிய அறிஞர் மாரங்கோனியின் பெயர் வழங்குகிறது.

பாலில் இந்தக் காவல் வேலையைச் செய்வது சோப்பு அன்று. ஒவ்வொரு கொழுப்புத் துளியைச் சுற்றியும் புரதமும் கொழுப்பு வகைப் பொருள்களும் சேர்ந்த மெல்லிய உறை இருக்கிறது. அதன் தடிப்பு ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு அளவே. ஆனால் கறந்த பால் வெண்ணெயாகத் திரண்டுவிடாமல் காப்பது அந்த உறைதான்.

இனித் தயிர்ப் பானைக்கு வருவோம்

பானையில் மத்து சுழலும்போது இரண்டு செயல்களும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மத்து துளிகளை இழுத்துப் பிய்க்க முயல்கிறது. அவற்றை ஒன்றோடொன்று மோதவும் செய்கிறது. என் கரும்பலகை வாக்கியத்தில் பாதி உண்மைதான் இருந்தது. கலக்குதல் உடைக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். எது வெல்லும் என்பது துளியின் அளவையும் அதன் உறையையும் பொறுத்தது.

தயிரில் உள்ள கொழுப்புத் துளிகள் சில மைக்ரான் அளவே உள்ளவை. அவற்றின் பிடிவாதத்தைக் கணக்கிட்டோம். கை மத்து அவற்றை மேலும் உடைப்பது கடினம். ஆகவே உடைக்கும் கட்சி இங்கே பலவீனமானது. மோதல்களுக்குக் குறைவில்லை. ஆனால் உறை காவல் நிற்கிறதே, அதை உடைப்பது எது?

இங்கேதான் வெப்பநிலை வருகிறது. பால் கொழுப்பு ஒரே வெப்பநிலையில் உருகும் பொருள் அன்று. குளிர்ந்த நிலையில் அதன் ஒரு பகுதி திண்மப் படிகங்களாகவும் மறுபகுதி திரவமாகவும் இருக்கும். சூடேற ஏறப் படிகங்கள் குறைந்துகொண்டே வந்து, 40 டிகிரி செல்சியஸ் அளவில் முழுவதும் உருகிவிடும். படிகங்கள் ஊசிகளைப்போலத் துளியின் உறையைத் துளைத்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு துளிகள் மோதும்போது ஒன்றின் ஊசி மற்றதன் உறையைக் குத்துகிறது. படலம் வடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை! குத்திய வழியே திரவக் கொழுப்பு கசிந்து இரண்டையும் ஒட்டுகிறது. உள்ளே படிகச் சட்டம் இருப்பதால் இரண்டும் முழுதாக ஒரே உருண்டையாகிவிடாமல் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. மத்து உள்ளே அடிக்கும் காற்றுக் குமிழ்களின் பரப்பிலும் துளிகள் கூடிக் கொத்துகளாகின்றன. கொத்து பெருகி மணியாகி, மணிகள் திரண்டு வெண்ணெயாகின்றன.

திண்மமும் திரவமும் தக்க அளவில் கலந்திருக்க வேண்டும். படிகம் இல்லாவிட்டால் குத்துவதற்கு ஊசி இல்லை. திரவம் இல்லாவிட்டால் ஒட்டுவதற்குப் பசை இல்லை. தொழிற்சாலைகளில் பாலேட்டைக் கடையும்போது வெப்பநிலையை 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்வது இதற்காகவே.

அந்த மாணவியின் பானையில் நடந்தது இப்போது விளங்குகிறதல்லவா? சித்திரை வெயிலில் கொழுப்பின் பெரும்பகுதி உருகிக் கிடந்தது, ஊசிகள் இல்லை. வேகமாகக் கடைந்ததில் துளிகள் கூடியிருக்கும் நேரமும் குறைந்தது. தப்பித் தவறிச் சேர்ந்த கொத்துகளையும் மத்து பிய்த்துப் போட்டது. அம்மா ஊற்றிய பானைத் தண்ணீர் கொழுப்பைக் குளிர்வித்துப் படிகங்களைத் தந்தது. மெல்லக் கடைந்தது சேர்வதற்கு நேரம் தந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் விடியற்காலையில் கடைவதும், கோடையில் குளிர்ந்த நீரும் பனிக்காலத்தில் வெதுவெதுப்பான நீரும் ஊற்றுவதும் இந்த இரு எல்லைகளுக்கு நடுவே நிற்பதற்காகத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தயிரில் நீருக்குள் கொழுப்புத் துளிகள் இருந்தன. வெண்ணெயில் நிலைமை தலைகீழ். கொழுப்புக்குள் நீர்த்துளிகள் இருக்கின்றன. வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பும் 16 விழுக்காடு நீரும் உண்டு. வெண்ணெயை உருக்கும்போது சடசடவென்று கேட்கும் ஓசை, அந்த நீர் கொதித்து ஆவியாக வெளியேறும் ஓசையே. ஓசை அடங்கினால் நெய் பதம் என்று எடுத்துவிடுகிறார்கள். கடைசி நீர்த்துளியும் போய்விட்டது என்று காதே சொல்லிவிடுகிறது.

கடலிலும் அதே கணக்கு

இந்த இயற்பியல் பானையோடு முடிந்துவிடுவதில்லை. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூருக்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கன எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கருஞ்சேற்றைத் தொண்டர்களும் பணியாளர்களும் மீனவர்களும் நாள் கணக்கில் வாளிகளால் அள்ளினார்கள்.

கடல் எண்ணெயில் துளி உடைக்கும் வேதிப்பொருளைத் தெளித்தால், அலைகளே எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடித்துவிடும் என்பது ஒரு வழி. ஆனால் டெய்லரின் துளியை நினைவுகூருங்கள். நீரைவிடப் பல்லாயிரம் மடங்கு பாகுநிலை உள்ள கன எண்ணெயை அலையால் இழையாக இழுக்க முடிவதில்லை. அதற்கு மாறாக, அலை நீரைத்தான் துளிகளாக்கி எண்ணெய்க்குள் புகுத்துகிறது. எண்ணெயிலுள்ள தார் போன்ற பொருள்கள் அந்த நீர்த்துளிகளுக்கு உறையாகி, அவை சேராமல் தடுக்கின்றன. விளைவு, வெண்ணெயைப் போன்ற ஒரு கெட்டிப் பொருள். கொட்டிய எண்ணெயைவிட மூன்று நான்கு மடங்கு பருமனாகவும் அது பெருகக்கூடும். உடைக்கவும் முடியாமல், பிரிக்கவும் முடியாமல், அள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

கச்சா எண்ணெயில் கலந்த நீரைப் பிரிக்கும் இடங்களில் தேவை நேர்மாறானது. அங்கே துளிகளைச் சேர்க்க வேண்டும். வலிமையான மின்புலத்தில் நீர்த்துளிகள் ஒன்றையொன்று ஈர்த்து, நடுப்படலத்தைக் கிழித்துச் சேர்கின்றன. அமெரிக்க அறிஞர் காட்ரல் 1911-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இந்த முறை இன்றும் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பயன்படுகிறது.

ஒரு மாதம் கழித்து இவற்றையெல்லாம் வகுப்பில் விளக்கினேன். கரும்பலகையில் பழைய வாக்கியத்தை எழுதி, அதை அடித்துவிட்டு, ‘கலக்குதல் உடைக்கும், சேர்க்கும், எது வெல்லும் என்று கணக்கிடுக’ என்று திருத்தி எழுதினேன். அந்த மாணவி எழுந்து நின்று, “இதை வீட்டில் போய்ச் சொன்னால் அம்மா, ‘இதைத்தானே நான் அன்றைக்கே செய்து காட்டினேன்’ என்பாள், சார்” என்றாள். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இம்முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவுள்ள இரண்டு புட்டிகளில் சம அளவு நீரும் எண்ணெயும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு சொட்டு சோப்பு நீர் விடுங்கள். இரண்டையும் இருபது முறை குலுக்கி வைத்து, எண்ணெய் தெளிந்து மேலே நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒப்பிடுங்கள்.

2. சோப்பு இல்லாத புட்டியை ஒரு முறை பத்து விநாடியும், அடுத்த முறை ஒரு நிமிடமும், பிறகு மூன்று நிமிடமும் ஒரே வேகத்தில் குலுக்குங்கள். ஓர் எல்லைக்குப் பிறகு துளியின் அளவு மாறுகிறதா? மாறாவிட்டால், துளிகள் உடைவது நின்றுவிட்டது என்று பொருளா, அல்லது உடைபவையும் சேர்பவையும் சமமாகிவிட்டன என்று பொருளா? இவற்றில் எது உண்மை என்று கண்டறிய ஒரு சோதனையை நீங்களே வகுத்துப் பாருங்கள்.

3. வீட்டில் தயிர் கடையும் வழக்கம் இருந்தால், ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு வெண்ணெய் திரளும்போதுள்ள வெப்பநிலையை ஒரு வாரம் குறித்து வாருங்கள். கடைபவரிடம், ‘இன்று ஏன் இந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?’ என்று கேட்கவும் மறவாதீர்கள். அவர் சொல்லும் விடையையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.